செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு வாய்தா: வீட்டில் என்னென்ன தயார் பண்ணணும்?

வண்டிப்பாளையம்_மச்சினி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) மேல 2021-ல் போட்ட 307 (கொலை முயற்சி) வழக்கு. கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் வாதம் முடிஞ்சு தீர்ப்புக்கு வெச்சிருக்காங்க. ரெண்டு வாய்தா தள்ளிப் போயிடுச்சு, அடுத்த தேதிக்கு 16 நாள் இருக்கு. மாமா ஜாமீனில் வெளியே இருக்கார், ஆரம்பத்தில் 41 நாள் ரிமாண்டில் இருந்தவர். வக்கீல் "ஃபிப்டி ஃபிப்டி" என்பதோடு நிறுத்திக்கிறார்.

வீட்டில் அக்கா, 13 வயசுப் பொண்ணு, 6 வயசுப் பையன், மாமாவோட அம்மா (70 வயசு, சர்க்கரை, இன்சுலின் போடுறாங்க). யாருக்கும் தூக்கம் இல்லை. பாட்டி கோர்ட்டுக்கு வந்தே தீருவேன்னு நிக்கிறாங்க. பிள்ளைகளுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஒருத்தர் வந்து "ரெண்டு லட்சம் குடுங்க, மேல பேசி முடிச்சிடறேன்"னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

ஆறுதல் நிறைய பேர் சொல்லிட்டாங்க. இந்த 16 நாளில் என்ன செய்யணும், அன்னைக்கு என்ன நடக்கும், இது தெரிஞ்சவங்க எழுதுங்க.

---

கோர்ட்_வராண்டா:

முதல்ல அந்த ரெண்டு லட்சம். குடுக்காதீங்க. தீர்ப்புக்கு நாள் குறிச்ச வழக்குகளைப் பார்த்து வீடு தேடி வர்ற ஆளுங்க இவங்க. விடுதலையானா "நான்தான் பேசினேன்" என்பார், தண்டனையானா போனை எடுக்க மாட்டார். எதிர்த்தரப்பு வீட்டுக்கு ஊர்ப் பெரியவரை அனுப்பி "பேசிப் பார்க்கிற" வேலையும் இப்ப வேண்டாம். சாட்சியை மிரட்டினதா ஒரு புகார் எழுந்தா, இருக்கிற ஜாமீனே போயிடும்.

அன்னைக்கு நடக்கிறது இதுதான். காலையில் வழக்கைக் கூப்பிடுவாங்க. தீர்ப்பு தயாரா இல்லைன்னா இன்னொரு வாய்தா. நீதிபதி லீவு, டைப்பிங் முடியலை, அரசு வக்கீலிடம் ஒரு விளக்கம் வேணும், இப்படிச் சின்னக் காரணம்தான் இருக்கும். தேதி தள்ளினதை நல்ல சகுனம், கெட்ட சகுனம்னு எடுத்துக்காதீங்க. ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கோட சி.என்.ஆர். நம்பரை (எழுத்தும் எண்ணும் சேர்ந்த 16 இலக்க அடையாள எண்) போட்டா அடுத்த தேதி தெரியும். அதை ஒரே ஒருத்தர் பார்க்கணும், சாயங்காலம் ஒரு தரம் பார்த்தா போதும். வீட்டில் நாலு பேர் நாலு போனில் அரை மணிக்கொரு தரம் பார்க்கிறதில்தான் பாதித் தூக்கம் போகுது.

"குற்றவாளி"ன்னு சொல்லிட்டா ஜாமீன் அந்த நிமிஷமே முடிஞ்சது. போலீஸ் பக்கத்தில் வந்து நின்னுடும், ஆள் வீட்டுக்குத் திரும்ப முடியாது. அதுக்கப்புறம் தண்டனை பற்றித் தனியா கேட்கணும். உங்களுது பழைய வழக்கு, அதனால் சி.ஆர்.பி.சி. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 235(2). (புதுச் சட்டத்தில் 258(2).) அது வெறும் சடங்கு இல்லை, தண்டனையைக் குறைக்கிற விஷயங்களை ஆதாரத்தோட வைக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 1976-லேயே சாந்தா சிங் வழக்கில் சொல்லிடுச்சு. ஆனா நம்ம ஊரில் நடக்கிறது என்ன? காலையில் குற்றவாளி என்பாங்க, மத்தியானம் "தண்டனை பற்றி என்ன சொல்றீங்க?"ன்னு கேட்பாங்க. ஆள் கூண்டில் நின்னு "நான் எந்தத் தப்பும் செய்யலைங்கய்யா" என்பார். அந்தக் கேள்விக்கு அது பதிலே இல்லை. அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. குறைந்தபட்ச தண்டனை கேட்கணும், காரணம் சொல்லணும், காகிதம் குடுக்கணும்.

அந்தக் காகிதத்தை இப்பவே சேருங்க. பாட்டியோட இன்சுலின் சீட்டு, ஆஸ்பத்திரி நோட்டு, வயசுச் சான்று. பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் போனஃபைட் (அங்கே படிக்கிறாங்கன்னு சான்று). குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் இவர் ஒருத்தர்தான்னு காட்ட வருமானச் சான்று, வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம். மாமாவுக்கே வியாதி இருந்தா அதோட பழைய ரிப்போர்ட். முன்பு தண்டனை எதுவும் இல்லைன்னா அதையும் ஒரு வரி. எல்லாத்தையும் ரெண்டு செட் நகல் எடுத்து, மேலே ஒரு பக்க மெமோவோட வக்கீல் கையில் குடுங்க. தாசில்தார் ஆபீஸ் சான்றுக்கு நாள் பிடிக்கும், 16 நாளில் முதல் வேலை அது. தயார் பண்ண நேரம் வேணும்னு வக்கீல் கேட்டா தண்டனை விசாரணையை வேற நாளுக்கும் வைக்கலாம். ஆனா அந்த இடைவெளியில் ஆள் உள்ளேதான் இருப்பார், அதைத் தெரிஞ்சுகிட்டு முடிவு பண்ணுங்க.

தண்டனை எவ்வளவு என்பதைப் பொறுத்துதான் அன்னைக்கு ராத்திரி எங்கேன்னு தெரியும். மூணு வருஷமோ அதுக்குக் கீழேயோ இருந்து, அதுவரை ஜாமீனில் இருந்தவர்னா, அப்பீல் போகப்போறேன்னு சொல்லி 389(3)-ல் அதே கோர்ட்டில் தண்டனை நிறுத்தி வைப்பு வாங்கி வீட்டுக்கு வந்துடலாம். மூணு வருஷத்துக்கு மேல ஒரு நாள் ஆனாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஹைகோர்ட்டில் அப்பீலோட சேர்த்து மனு போடணும். கடலூர், புதுச்சேரி ரெண்டுக்கும் சென்னைதான். அது வார, மாதக் கணக்கு.

இந்த மூணு வருஷக் கணக்கில் கோட்டை விடுறவங்க நிறைய. தீர்ப்பு நாலு மணிக்கு வரும், மனு தயார் இல்லை, ஜாமீன்தாரர் ரெண்டு பேரில் ஒருத்தர் பண்ருட்டியில் இருப்பார், இன்னொருத்தர் ஒரிஜினல் ரசீதை வீட்டில் வெச்சுட்டு ஜெராக்ஸ் கொண்டு வந்திருப்பார். ஆபீஸ் மூடிடும். அநியாயமா ஒரு ராத்திரி, வெள்ளிக்கிழமைன்னா மூணு ராத்திரி உள்ளே. அதனால் ரெண்டு ஜாமீன்தாரரும் ஆதார், ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது ஒரிஜினலோட காலையிலிருந்தே கோர்ட் வளாகத்தில் இருக்கணும். உங்க கோர்ட் வேற என்ன கேட்கும்னு வக்கீல் குமாஸ்தாவிடம் முந்தின நாளே கேட்டு வெயுங்க. இந்த விஷயத்தில் வக்கீலைவிட குமாஸ்தாவுக்குத் துல்லியமாத் தெரியும். அபராதத்துக்குக் கையில் பணம் இருக்கணும். கட்டினா ரசீது வாங்கணும். கட்டாட்டா அதுக்குத் தனிச் சிறை, அதில் ரிமாண்ட் நாளைக் கழிக்க மாட்டாங்க.

அப்பீலுக்கு 30 நாள் டைம்.

---

லிமிடேஷன்_115:

மேலே எழுதினவர் சொன்னதில் ஒரு திருத்தம். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட் போக 60 நாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து செஷன்ஸுக்குப் போகத்தான் 30. தீர்ப்பு நகலுக்கு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை அந்தக் கணக்கில் சேராது. சிறைத்தண்டனை ஆனவருக்கு ஒரு நகல் அங்கேயே இலவசமாத் தரணும், அதைக் கேட்டு வாங்குங்க.

நகல் கைக்கு வந்ததும் வராண்டாவில் நின்னு மூணு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, 41 நாள் ரிமாண்டைத் தண்டனையில் கழிக்கச் சொல்லி (பிரிவு 428) எழுதியிருக்கா, தேதிகள் சரியா. ரெண்டு, ஒண்ணுக்கு மேல பிரிவில் தண்டனைன்னா "ஏககாலத்தில்" என்ற வார்த்தை இருக்கா. அது விட்டுப்போனா அஞ்சும் மூணும் எட்டாயிடலாம். மூணு, அபராதம் கட்டாட்டா எத்தனை மாதம். தப்பு இருந்தா அன்னைக்கே வக்கீலிடம் காட்டுங்க. சிறையில் விடுதலைத் தேதியைக் கணக்குப் போடுறவர் இந்தக் காகிதத்தில் இருக்கிறதைத்தான் பார்ப்பார்.

இன்னொண்ணு. ஹைகோர்ட் வக்கீலுக்கான வக்காலத்தில் மாமாவோட கையெழுத்தைக் கோர்ட்டிலேயே வாங்கிடுங்க. உள்ளே போயிட்டா சிறை கண்காணிப்பாளர் மேலொப்பத்தோட வரணும், சும்மா ஒரு வாரம் போயிடும்.

நன்னடத்தைச் சட்டம் (1958), அதாவது சிறைக்கு அனுப்பாம நன்னடத்தை உறுதி வாங்கிட்டு விடுறது, அது பற்றியும் வக்கீலிடம் கேளுங்க. 307-ல் காயம் பட்டிருந்தா ஆயுள் வரை போகலாம், அதனால் பிரிவு 4 பொருந்தாது. ஆனா நீதிபதி 324-க்கோ 325-க்கோ (காயப்படுத்தின குற்றம்) இறக்கினா, முதல் குற்றம்னு சொல்லிக் கேட்க இடம் இருக்கு. இதைத் தீர்ப்புக்கு முன்னாடியே மெமோவில் மாற்றாகச் சேர்த்து வைக்கணும், அந்த நிமிஷத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க. காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

---

கோர்ட்_வராண்டா:

60 தான், சரி. தினமும் மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்கையே பார்த்துப் பழகின கை, எழுதிடுச்சு. நன்றி.

---

புதுவை_செவிலி:

சட்டம் அவங்க சொல்லிட்டாங்க. நான் வீட்டை மட்டும் சொல்றேன்.

முதல்ல மாமா. எல்லாரும் அக்காவையும் பாட்டியையும் பார்ப்பாங்க, தீர்ப்புக்குக் காத்திருக்கிற ஆள் "தைரியமா இருக்கார்"னு விட்டுடுவாங்க. கடைசி நாலஞ்சு நாளும், முந்தின ராத்திரியும் அவரைத் தனியா விடாதீங்க. "என்னால உங்களுக்கெல்லாம் பாரம்", "நான் இல்லாட்டி கேஸே இல்லை" மாதிரிப் பேச்சு வந்தாலோ, திடீர்னு கடன் கணக்கெல்லாம் ஒப்படைச்சு ரொம்ப அமைதியானாலோ, நேரா கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" கேட்டா எண்ணம் வந்துடும் என்பது தப்பு. கேட்டாத்தான் மனசில் இருக்கிறது வெளியே வரும். வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். பாட்டியோட இன்சுலினும் மாத்திரையும் ஒருத்தர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். டெலி மனஸ் (அரசு மனநல உதவி எண்) 14416-ல் ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க கடலூர் அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவு, இல்லைன்னா கோரிமேடு ஜிப்மர். தூக்கத்துக்குன்னு மருந்துக்கடையில் சும்மா மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் "கொஞ்சம் குடிச்சுட்டுப் படு" என்பதையும் கேட்காதீங்க.

"கொஞ்ச நாள் எங்கேயாவது போயிடு"ன்னு யோசனை சொல்ற சித்தப்பா ஒருத்தர் எல்லா வீட்டிலும் இருப்பார். தீர்ப்பன்னைக்கு ஆள் வரலைன்னா பிடிவாரண்ட். ஜாமீன் குடுத்தவங்க பணம் கட்டணும். அப்புறம் தண்டனை நிறுத்தி வைப்பு கேட்கும்போது முதல் எதிர்ப்பே அதுதான்.

பிள்ளைகள். 13 வயசுப் பொண்ணுக்கு இந்நேரம் பாதி தெரியும். கதவுக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கும். மீதியை அது தானாக் கற்பனை பண்ணும், அது நிஜத்தைவிட மோசமா இருக்கும். தீர்ப்புக்கு மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் பேர், வயசு, ஊர் எல்லாம் வரலாம். வகுப்பில் யாராவது போனில் காட்டுறதுக்கு முன்னாடி அம்மா வாயால் கேட்கணும். நீளமா வேண்டாம்: "அப்பா ஒருத்தரை அடிச்ச கேஸில் ஜட்ஜ் முடிவு சொல்லப் போறார். அப்பா ஜெயிலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எதுவானாலும் நீ இதே ஸ்கூலுக்குப் போவே, நான் இங்கேதான் இருப்பேன்." அப்புறம் அது கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லலாம். "கண்டிப்பா வந்துடுவார்"னு சத்தியம் பண்ணாதீங்க.

பையனுக்கு இன்னும் சின்னதா. 6 வயசுக்குக் கவலை மூணுதான்: இது என் தப்பா, அப்பா எப்ப வருவார், என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க. மூணுக்கும் பதில் குடுங்க. "துபாய் போயிருக்கார்" மட்டும் வேண்டாம். முதல் மனு பார்க்கப் போற (சிறையில் போய் அப்பாவைச் சந்திக்கிற) அன்னைக்கு அந்தப் பொய் உடையும், அதுக்கப்புறம் அம்மா சொல்றது எதையும் நம்பாது. பள்ளியில் வகுப்பு ஆசிரியர் ஒருத்தரிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லி வெயுங்க. தீர்ப்பன்னைக்குப் பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. கைவிலங்கோடோ, நாலு போலீஸ் நடுவிலோ வேனில் ஏறுற காட்சியைக் கடைசி ஞாபகமா வைக்க வேண்டாம்.

பாட்டி வரவே கூடாதுன்னு நான் சொல்வேன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை பெஞ்சில், இன்சுலின் போட்டுட்டுச் சாப்பிடாம உட்கார்ந்தா சர்க்கரை இறங்கி மயக்கம்தான்.

---

கேப்பர்மலை_பஸ்:

பாட்டி விஷயத்தில் நான் வேற சொல்வேன். வராதேன்னு நிறுத்தி வெச்சு, மகனை அன்னைக்குக் காலையில் வாசலில் பார்த்ததோட சரின்னு ஆனா, அது காலத்துக்கும் குத்தும். கூட்டிட்டுப் போங்க, ஆனா ஏற்பாட்டோட. பாட்டிக்குன்னே ஒரு ஆள், வழக்கைப் பார்க்கிற வேலை அவருக்கு இல்லை. பையில் நாலு இட்லி, தண்ணி, மிட்டாய் ரெண்டு, மதிய ஊசி. ஹாலுக்குள்ள வேண்டாம், வெளியே மரத்தடி போதும். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சதும் ஆட்டோவில் வீட்டுக்கு. மொத்தமா குடும்பத்தில் அஞ்சு பேருக்கு மேல வேண்டவே வேண்டாம். இருபது பேர் திரண்டு வந்தா எதிர்த்தரப்போட வளாகத்திலேயே வாய்த்தகராறு ஆகும், அது புது வழக்கு.

சிறைப் பக்கம் நடக்கிறது: தண்டனை ஆனா வாரண்ட் எழுதி முடிக்க மாலை ஆயிடும். நடுவில் அரசு ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனை, அப்புறம் கேப்பர் மலை மத்திய சிறை. (புதுச்சேரி கோர்ட் வழக்குன்னா காலாப்பட்டு.) அதனால் காலையில் கிளம்பும்போதே மோதிரம், செயின், வாட்ச், பர்ஸ், பைக் சாவி எல்லாம் வீட்டில் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லுங்க. வராண்டாவில் அழுதுக்கிட்டே மோதிரம் கழட்டுறது எல்லாருக்கும் கஷ்டம். மருந்து சாப்பிடுறவர்னா, டாக்டர் சீட்டோட சேர்த்து ஒரு கவரில் காவலுக்கு வர்ற போலீஸிடம் குடுங்க. சீட்டு இல்லாத மாத்திரை உள்ளே போகாது. தண்டனைக் கைதிக்குச் சிறை உடைதான், அதனால் புதுச் சட்டை வேட்டி வாங்காதீங்க. சமைச்ச சாப்பாடும் அப்படியே.

முக்கியமா, அக்காவோட போன் நம்பரை மாமா மனப்பாடம் பண்ணணும். போனில் "வீடு"ன்னு சேவ் பண்ணி வெச்சே பழகினவங்களுக்குப் பெண்டாட்டி நம்பர் பத்து இலக்கம் தெரியாது. உள்ளேயிருந்து பேசுற வசதி, பதிவு பண்ணின நம்பருக்கு மட்டும்தான். அக்கா அந்த சிம்மை மாத்தக் கூடாது, ரீசார்ஜ் விடக் கூடாது.

மாமாவோட சிம்மும் உயிரோட இருக்கணும். சமையல் கேஸ் புக்கிங், பேங்க் ஓடிபி, ஆதார், எல்லாம் அதில்தான் வரும். மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பர் போன வீடுகளில் ஒரு சிலிண்டர் வாங்கவே அல்லாட்டம். இந்த 16 நாளில் மாமாவும் அக்காவும் சேர்ந்து பேங்குக்குப் போய்க் கணக்கைக் கூட்டுக் கணக்கா மாத்துங்க, "இருவரில் எவரும்" என்ற முறையில். ரெண்டு பேரும் நேரில் கையெழுத்துப் போடணும், அவர் உள்ளே போனப்புறம் இது பெரிய தலைவலி. கடன் தவணை, நகைக்கடன் மீட்கிற தேதி, இன்சூரன்ஸ் பிரீமியம், யார் எவ்வளவு தரணும் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் மாமா கையாலேயே எழுதச் சொல்லுங்க. அந்த வேலை அவருக்கும் நல்லது, கை சும்மா இருக்காது. செவிலி சொன்ன எச்சரிக்கையும் கூடவே இருக்கட்டும்: பக்கத்தில் உட்கார்ந்து எழுத வெயுங்க.

மனு பார்க்கப் போறவங்க ஒரிஜினல் ஆதார் எடுத்துட்டுப் போகணும். முதல் மனுவுக்கு எந்தக் கிழமை, முன்பதிவு வேணுமா என்பதைச் சிறை வாசலில் முந்தின நாளே கேட்டுட்டு வந்துடுங்க. மலை மேல ஏறி, நேரம் முடிஞ்சதுன்னு திரும்பி வர்றது குழந்தையோட போறவங்களுக்கு ரொம்பக் கொடுமை.

---

வண்டிப்பாளையம்_மச்சினி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு லட்சம் ஆளை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. நாளைக்கு பேங்க். வருமானச் சான்றுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஒரே ஒரு கேள்வி: தீர்ப்புத் தேதிக்கு ரெண்டு நாள் கழிச்சு பையனுக்குப் பிறந்தநாள். கொண்டாடலாமா, இல்லை இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுடலாமா? அக்கா விட்டுடலாம் என்கிறாங்க.

---

புதுவை_செவிலி:

விடாதீங்க. தீர்ப்புத் தேதிக்கு முன்னாடி வர்ற ஞாயிற்றுக்கிழமையே வெச்சிடுங்க, அப்பா இருக்கும்போது. பையனுக்குத் தேதி முக்கியம் இல்லை, அப்பா மடியில் உட்கார்ந்து கேக் வெட்டினது முக்கியம். ஒரு போட்டோ பிரிண்ட் போட்டு வீட்டில் வெயுங்க.

---

கேப்பர்மலை_பஸ்:

ரெண்டு பிரிண்டா போடுங்க. ஒண்ணு மாமாவுக்கு. உள்ளே அனுமதிப்பாங்களான்னு மனு பார்க்கிற இடத்தில் கேட்டுட்டுக் குடுங்க, ஃபிரேம் எதுவும் வேண்டாம், வெறும் போட்டோ.